வெந்நீர்த் தொட்டியில் போட்ட திட்டம்

என் வாயைத் தைத்துப் போட வேண்டும் என்று என் புருஷன் டோர்வி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். இருபத்தாறு வருஷமாக நான் அதைக் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. இந்தப் பிப்ரவரியில்தான், மனுஷன் சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

என் பேர் டாக்னி. போலுங்கார்விக் துறைமுகத்து மீன் ஏலக் கூடத்தில் எடை போடுகிறேன். டோர்வி முப்பது வருஷம் மீன்பிடி படகில் போனவன். போன வருஷத்துக்கு முந்தின அக்டோபரில், கயிறு சுற்றுகிற இயந்திரத்தில் அவன் இடது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தலைநகரம் ரெய்க்யவிக்கில் அருமையான செயற்கைக் கால் ஒன்றைப் பொருத்தி, நடக்கவும் பழக்கி அனுப்பினார்கள். வீட்டுக்குள் நடக்கிறான், கார் ஓட்டுகிறான், கராஜில் ஏணிகூட ஏறுகிறான். ஆனால் எங்கள் ஊர்த் தெருவில் மட்டும் ஓர் அடி வைக்க மாட்டான். கடை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இவனோ பால் வாங்கக்கூட மலைச் சுரங்கத்தைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குக் காரில் போவான்.

"ஏன்டா இப்படி?" என்று கேட்டால், "அந்த ஊர்ல என்னை யாருக்கும் தெரியாது. 'ஐயோ டோர்வி'ன்னு எவனும் மூஞ்சியத் தொங்கப்போட மாட்டான்" என்பான்.

நீச்சல் குளத்துப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஐஸ்லாந்தில் எந்தக் குளத்தில் இறங்குவதானாலும் முதலில் பிறந்த மேனியாக நின்று, சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மறைப்பு, தடுப்பு எதுவும் கிடையாது. பாதிரியாரும் அப்படித்தான், பங்குத்தந்தை வேலையெல்லாம் உடுப்பு மாட்டின பிறகுதான். தினமும் காலையில் அந்தக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தவன் பதினாறு மாதமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவனுடைய குளியல் துண்டு இருக்கிற அலமாரியைக்கூட அவன் திறப்பதில்லை.

ஜனவரிக் கடைசியில், இரண்டு மாதமாக மலைக்குப் பின்னால் கிடந்த சூரியன் திரும்பத் தலைகாட்டுகிற நாளில், எல்லார் வீட்டிலும் பான்கேக் சுட்டுக் காப்பி குடிப்போம். அன்றைக்கு என் சிநேகிதி யோருனும் அவள் புருஷன் கோல்பேனும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். யோருன் முடி வெட்டுகிறவள். கோல்பேன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தலைநகரத்துக்காரன், இங்கே வந்து பதினெட்டு வருஷமாகியும் கடல் பக்கம் போனால் ஷூ நனைந்துவிடுமோ என்று பார்க்கிற ஆள்.

டோர்வி ஆறாவது பான்கேக்கைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது ஹோர்ன்ஸ்ட்ராந்திர். ரோடு இல்லை, ஆள் இல்லை, மலையும் நரியும் பாறையும்தான்.

"முப்பது வருஷமா ஹோர்ன் பாறைய கடல்லேர்ந்தே பாத்துட்டேன். ஒரு தடவகூட மேல நின்னு பாத்ததில்ல. நடந்து போயி, உச்சியிலேர்ந்து கடலை எட்டிப் பாக்கணும்" என்றான்.

ஊர்த் தெருவில் அடி வைக்காதவன் ஐந்து நாள் நடை கேட்கிறான்! யோருன் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள், வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிடாதே என்று அர்த்தம்.

"போலாமே. ஜூலையில போலாம். நாம நாலு பேரும்" என்றான் கோல்பேன்.

"நாலு பேர்னா நாலு பேர்தான்" என்று டோர்வி விரலை நீட்டினான். "இறக்கத்துல நான் குண்டி தேச்சுக்கிட்டுத்தான் இறங்கணும். சாயந்தரம் கால கழட்டி வெச்சுட்டுத் தவழ்ந்துதான் கூடாரத்துக்குள்ள போவேன். அதை இந்த ஊர்க்காரன் ஒருத்தன் பார்த்தாலும் சரி, நான் படகுலேர்ந்தே இறங்க மாட்டேன். புரிஞ்சுதா? டாக்னி, உன்னத்தான்."

"எனக்கு எதுக்கு சொல்ற?"

"உனக்குத்தான் சொல்லணும்" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

அன்றைக்கே வரைபடம் மேஜைக்கு வந்துவிட்டது. சாப்பிட இடமில்லாமல் நாங்கள் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தோம். ஜூலை பத்தாம் தேதி படகில் எதிர்க்கரை ஹெஸ்டெய்ரியில் போய் இறங்குவது. முதல் நாள் கணவாயைத் தாண்டி வடக்குக் கடற்கரை. இரண்டாம் நாள் கரையோடு கிழக்கே நடந்து ஹோர்ன்விக் குடா. மூன்றாம் நாள், பன்னிரண்டாம் தேதி, பதினோரு மணிக்குக் குடாவில் விழுகிற ஆற்றின் முகத்துவாரத்தைக் கால்நடையாகக் கடந்து ஹோர்ன் பாறையில் ஏறுவது, அந்தக் கரையிலேயே கூடாரம். நாலாம் நாள் திரும்ப ஆற்றைக் கடப்பது, ஐந்தாம் நாள் இன்னொரு கணவாய் ஏறி இறங்கினால் படகு காத்திருக்கும். அந்தப் பதினோரு மணியை டோர்விதான் சுவரில் தொங்குகிற கடல் ஏற்ற இறக்கப் பட்டியலைப் பார்த்துக் குறித்துக் கொடுத்தான்.

அப்புறம் சாப்பாட்டுச் சண்டை. காய்ந்த மீனும் வெண்ணெயும் போதும் என்றான் டோர்வி. புகை போட்ட ஆட்டிறைச்சி இல்லாமல் நான் ஒரு மலையும் ஏற மாட்டேன் என்றேன் நான். கோல்பேன் ஓட்ஸை நபர்வாரியாகப் பிரித்துப் பட்டியல் எழுதினான். யோருன் அதிமதுர மிட்டாய் இரண்டு கிலோ என்று எழுதிவிட்டு, கேட்டவர்களை முறைத்தாள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருடைய முதுகுப் பையையும் ஏலக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், மீன் தொட்டி நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்தேன். கோல்பேன் பை இருபத்து மூணு கிலோ. பிரித்துப் பார்த்தால் உள்ளே காப்பிக் கொட்டை அரைக்கிற இரும்பு மிஷின்!

"இத வெச்சு நரிக்கு காப்பி போடப் போறியா?" என்று கேட்டேன். அதை அவனுக்கு முன்னாலேயே எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வீசினேன்.

டோர்வியைப் பார்க்க வேண்டுமே! முதுகில் பதினைந்து கிலோ உப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு கராஜ் ஏணியில் ஏறி இறங்குகிறான். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. சாயந்தரம் காலைக் கழற்றி, தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று கண்ணாடி வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொள்கிறான். வியாழக்கிழமை பாத்திரம் கழுவும்போது பாடினான். எருமை கத்துவது மாதிரி ஒரு குரல், சுதி என்பதே கிடையாது. பதினாறு மாதம் கழித்து அந்தக் கண்றாவிக் குரலைக் கேட்டதும் நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன்.

அதற்கு மறுநாள் காலையில்தான் என் வாய் என்னைக் கவிழ்த்தது.

குளத்துக்கு வெளியே, திறந்த வெளியில், வட்டமான வெந்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. ஆறரை மணிக்கு வழக்கமான ஆட்கள் கழுத்துவரை அதில் உட்கார்ந்துவிடுவோம். மேலே தலையில் பனி விழும், கீழே உடம்பு வேகும். பாதிரியார், நூலகத்துக்காரி, ஐஸ் தொழிற்சாலைக்காரன், பேக்கரிப் பெண்மணி, நான், யோருன், கோல்பேன், சில நாள் படகுக்காரன் ஸ்டுர்லா. ஊர் நிர்வாகம் நடப்பதாகச் சொல்கிற கட்டடம் வேறு எங்கேயோ இருக்கிறது. ஊர் நடப்பது இந்தத் தொட்டியில்தான். இங்கே சொன்னது எல்லாருக்கும் சொந்தம். 'ரகசியம், வெளியே சொல்லாதே' என்றெல்லாம் இந்தத் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு யாரும் கேட்க முடியாது.

"டோர்வி எப்படி இருக்கான்?" என்று பாதிரியார் கேட்டார். தினமும் கேட்பார். நானும் தினமும் 'பரவாயில்லை' என்பேன். பதினாறு மாதமாக 'பரவாயில்லை, பரவாயில்லை' என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கே கசந்துபோயிருந்தது. அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"ஹோர்னுக்கு நடக்கப் போறான்!" என்று கத்திவிட்டேன். "அஞ்சு நாள்! மூட்டை தூக்கிக்கிட்டு! நேத்து பாடினான்யா அந்த ஆளு!"

யோருன் தண்ணீருக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளி என்ன பிரயோஜனம்? எல்லா மூஞ்சியும் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"எப்போ?" என்றாள் நூலகத்துக்காரி.

"ஜூலை பத்து" என்றேன். நானேதான் சொன்னேன். என்னை யாரும் அடித்துக் கேட்கவில்லை.

"அப்ப நானும் வரேன்" என்றான் ஐஸ் தொழிற்சாலைக்காரன்.

"எனக்கும் ஒரு எடம் வை. என் கூடாரம் பெரிசு" என்றாள் பேக்கரிப் பெண்மணி.

அவ்வளவுதான். தொட்டியில் ஒருத்தன் 'வரேன்' என்று சொன்னால் 'வராதே' என்று சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. செவ்வாய்க்கிழமைக்குள் பதினோரு பேர். அடுத்த வெள்ளிக்குள் பதினாறு. தபால்காரியின் தங்கை தென்கோடியிலிருந்து போன் பண்ணி, இடம் இருக்கிறதா என்று கேட்கிறாள்! கோல்பேனைத் தனியாகப் பிடித்து, "நீயாவது நிறுத்தக் கூடாதா?" என்று சண்டை போட்டேன்.

"நான் எப்படி நிறுத்தறது? எல்லாரும் டோர்விக்காக வராங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடாதா?"

"டோர்விக்கு தெரிஞ்சா வரமாட்டான்டா, மடையா. அவன் வரலன்னா எவன் போயி எனக்கென்ன?"

"நீதானே தொறந்து விட்ட?" என்றான்.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? பட்டியல் போட்டு, குழு பிரித்து, யார் எந்தச் சட்டி கொண்டுவர வேண்டும் என்று அச்சடித்து, தொட்டிக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தாள் கொடுத்துவிட்டான். மொத்தம் பத்தொன்பது பேர். பத்தாம் தேதி வாரத்தில் பாதிரியார் நடத்திவைக்க வேண்டிய கல்யாணம் ஒன்று, பாடகர் குழுவுக்கு ஒரு கச்சேரி. அதனால் எல்லாருக்கும் தோதாகப் பதினேழாம் தேதிக்கு மாற்றிவிட்டான். எனக்கு வந்த தாளில் நான் பேர்களைத்தான் படித்தேன். டோர்வியிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? தாளை நாலாக மடித்து என் குளியல் பைக்குள், ஷாம்புக் குப்பிக்கு அடியில் திணித்து வைத்தேன்.

அதற்கும் அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, தலை சீவிக்கொண்டே வெளியே வந்தால், சமையலறை மேஜையில் அந்தத் தாள் விரிந்து கிடக்கிறது. டோர்வி நகவெட்டி தேடப் போயிருக்கிறான், உலகத்தில் வேறு பை கிடைக்காமல் என் குளியல் பையில்.

"பாதிரியுமா?" என்றான். குரல் தாழ்வாக இருந்தது. அவன் கத்தினால் பயமில்லை, தாழ்த்திப் பேசினால்தான் எனக்குக் குலை நடுங்கும்.

"டோர்வி, நான் சந்தோஷத்துல..."

"பத்தொம்பது பேரு. பேக்கரிக்காரி. தபால்காரியோட தங்கச்சி. அவள நான் பார்த்ததே இல்ல. அவ என்ன, ஒத்தக்கால் வேடிக்கை பார்க்க டிக்கெட் வாங்கிட்டாளா?"

"அப்படி யாருமே நெனைக்கல. உன்னப் பாத்து எத்தன நாளாச்சுன்னு..."

"நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தப்பு என்னுடையதுதான், தெரியும். தப்பு நம்முடையது என்று தெரிந்தால்தான் எனக்குக் கோபம் இரட்டிப்பாக வரும்.

"வராதே! இங்கயே கிட. உப்பு மூட்டைய கட்டிக்கிட்டு ஏணியில ஏறி எறங்கிக்கிட்டே கிழவனாயிடு. உன் கால் போச்சு, சரி. எனக்கு என்ன போச்சு தெரியுமா? தினமும் காலையில என்கூட அந்தத் தொட்டிக்கு நடந்து வருவானே ஒருத்தன், அவன் போயிட்டான். பதினாறு மாசமா அந்த ரோட்டுல நான் தனியா நடக்கறேன். கால் ஒண்ணு இல்லாட்டி அவன் வேண்டாம்னு நான் சொன்னேனா? யாராவது சொன்னாங்களா?"

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிறானோ என்று ஒரு நிமிஷம் பயந்துபோனேன். பார்த்தால், புருவம் மேலே ஏறுகிறது. விரலை ஒரு வரியில் வைத்து அழுத்துகிறான்.

"இத எந்தக் கழுதை எழுதினது?"

"எத?"

"தேதிய மாத்தியிருக்கான். மத்தத மாத்தல. இங்க பாரு, மூணாம் நாள் ஆத்த கடக்கறது பதினோரு மணின்னே இருக்கு." எழுந்துபோய்ச் சுவரிலிருந்து கடல் பட்டியலைப் பிய்த்துக்கொண்டு வந்தான். "ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அம்பது நிமிஷம் தள்ளிப் போகும். ஏழு நாளைக்கு எவ்வளவு? ஆறு மணி நேரம்! பன்னெண்டாம் தேதி பதினோரு மணிக்கு கடல் நல்லா வத்தியிருக்கும், ஆத்து வாயில முழங்கால் தண்ணி. பத்தொம்பதாம் தேதி அதே பதினோரு மணிக்கு முழுசா ஏறி நிக்கும். நெஞ்சளவு! பத்தொம்பது பேரும் முதுகுல மூட்டையோட ஐஸ் தண்ணியில நெஞ்சளவுக்கு எறங்கப் போறானுங்க. கணக்கு வாத்தியாராம், கணக்கு வாத்தியார்!"

எனக்கும் உறைத்தது. துறைமுகத்திலேயே வேலை செய்கிறேன், பேர்களை எண்ணிய அவசரத்தில் கடலைப் பார்க்கவில்லையே!

"நேரத்த மாத்திட்டா போச்சு" என்றேன்.

"எப்படி மாத்துவ? அந்த வாரம் கடல் வத்தறது விடியக்காலை அஞ்சு மணிக்கு, இல்லாட்டி சாயந்தரம் அஞ்சரைக்கு. முந்தின நாள் ராத்திரி வரைக்கும் நடந்துட்டு வந்த கூட்டத்த அஞ்சு மணிக்கு எழுப்பி தண்ணியில எறக்குவியா? சாயந்தரம் தாண்டினா எப்ப மலையேறுவ? திட்டம் பூரா போச்சு. பத்தாம் தேதிதான் சரி." தாளைத் தூக்கி என்னிடம் நீட்டினான். "போய் சொல்லு அவங்ககிட்ட."

மணி ஆறு இருபது. ஆறே முக்காலுக்கு ஸ்டுர்லா தொட்டிக்கு வருவான். பதினேழாம் தேதி உறுதி என்று இன்றைக்குச் சொன்னால், பத்தாம் தேதிப் படகை வெளியூர்க் கூட்டம் ஒன்றுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். அது போனால் இந்தக் கோடையில் கடலும் படகும் ஒத்துவருகிற வேறு தேதி கிடையாது.

நான் கையை நீட்டவில்லை. ஏன் என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அவன் கண்ணைப் பார்த்தேன். படகில் எவனாவது கயிற்றைத் தப்பாகக் கட்டினால் வருமே ஒரு வெறி, அது அப்படியே இருந்தது.

"நான் சொல்ல மாட்டேன். நீ போய் சொல்லு" என்றேன்.

"டாக்னி!"

"உன் வாய்க்கு நான் ஒலிபெருக்கி இல்ல. வராதவனுக்கு எதுக்கு இந்த அக்கறை?" பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு நடந்துவிட்டேன். தெரு முழுக்க வழுக்குப் பனி. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

தொட்டியில் ஒரே கும்மாளம். எந்தக் கூடாரத்தில் யார், குறட்டை விடுகிறவர்களுக்குத் தனிக் கூடாரமா, பாதிரியார் பாறை உச்சியில் ஜெபம் சொல்வாரா அல்லது சாப்பிட்ட பிறகுதான் சொல்வாரா என்றெல்லாம் பேச்சு. அன்றைக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை, அதனால் அவரை வைத்துச் செய்கிறார்கள். யோருன் என்னைப் பார்த்து, "ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். எனக்குள்ளே அடித்துக்கொண்டது. சொல்லிவிடு, டாக்னி, உயிர் விஷயம். சொல்லாதே, இன்னும் ரெண்டு நிமிஷம் பார். சொல்லிவிட்டால் அவனுக்கு வர வேலையே இல்லை, வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவான். பிறந்ததிலிருந்து வாயை மூடத் தெரியாத நான், அந்தச் சூட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டுர்லா வந்தான். 'ஹா' என்று இறங்கி, தாடியில் தண்ணீர் அள்ளி விட்டுக்கொண்டான்.

"சரி, கோல்பேன். பதினேழுதானே? முடிச்சிடலாமா? அந்த வெளியூர்க்காரங்க எட்டு மணிக்கு போன் பண்ணுவாங்க."

"பதினேழேதான். எழுதிக்க" என்றான் கோல்பேன்.

போதும். இதற்குமேல் மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. "இருங்க" என்று வாயைத் திறந்தேன். அதே நொடியில் ஆண்கள் பக்கத்துக் கதவு டமாரென்று திறந்தது.

"எழுதாத! ஸ்டுர்லா, எழுதினா கைய ஒடைப்பேன்!"

டோர்வி. இரண்டு கக்கத்துக் கட்டை. நீச்சல் உடுப்பு இடுப்பில் தொளதொளவென்று நிற்கிறது, மெலிந்துவிட்டான் இல்லையா. செயற்கைக் கால் இல்லை. இடது முழங்காலுக்குக் கீழே ஒரு சாண், அவ்வளவுதான், அது குளிரில் சிவந்து வெளிச்சத்தில் தெரிகிறது. தலையிலிருந்து சோப்பு நுரை இன்னும் வழிகிறது. அவனுக்குப் பின்னால் பாதிரியார், தன் துண்டையும் டோர்வி துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தடுக்கினால் தாங்கிக்கொள்வதற்குத் தயாராக.

கதவுக்கும் தொட்டிக்கும் நடுவே பத்தடி ஈரத் தரை. எழுந்து ஓடவேண்டும் என்று என் உடம்பெல்லாம் துடித்தது. ஓடவில்லை. கட்டையை ஊன்றி, ஊன்றி, ஊன்றி வந்தான். விளிம்பில் உட்கார்ந்து, கட்டைகளைப் பனியில் போட்டுவிட்டு, கைகளால் தன்னைத் தூக்கி உள்ளே இறக்கினான். எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள், யார் வந்தாலும் நகர்கிற மாதிரிதான்.

"அந்தக் குளத்து மேற்பார்வைக்காரன் இருக்கானே," என்றான் பல் கிட்டிக்க, "பதினாறு மாசம் கழிச்சு ஒருத்தன் ஒத்தக் காலோட வரான். 'வா டோர்வி, எப்படி இருக்க' ஒண்ணும் கிடையாது. 'அக்குள்ல சோப்பு போடல, திரும்பப் போ'ங்கறான்!"

"எனக்கும் தினமும் அதான் சொல்றான்" என்றார் பாதிரியார்.

டோர்வி கோல்பேன் பக்கம் திரும்பினான். அப்புறம் கோல்பேன் பட்ட பாடு இருக்கிறதே! ஐம்பது நிமிஷமும் ஏழு நாளும் ஆறு மணி நேரமும், நெஞ்சளவுத் தண்ணீரும், ரெய்க்யவிக்கில் என்ன கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதும், எல்லாம் வந்தது. கோல்பேனுக்கு வெந்நீரிலேயே வியர்த்துவிட்டது. டோர்வி தொட்டி விளிம்பில் இருந்த பனியைக் குவித்து மலை வைத்தான், விரலால் கீறி ஆறு விட்டான், பேக்கரிப் பெண்மணியின் ஷாம்பு மூடியை எடுத்துக் கூடாரம் என்று வைத்தான். பத்தொன்பது பேரையும் ஒரே கயிற்றில் தாண்ட வைக்க முடியாது, இரண்டு தொகுதி என்றான். மூட்டையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்றான். தலைகள் எல்லாம் அந்தப் பனி மலைக்கு மேலே குனிந்துகொண்டன. ஐஸ் தொழிற்சாலைக்காரன் கேள்வி மேல் கேள்வி கேட்கிறான், நூலகத்துக்காரி கத்துகிறாள், எல்லாருக்கும் அப்போதே கிளம்பிவிட வேண்டும் போல இருக்கிறது.

"அப்ப பத்தாம் தேதிதான்" என்றார் பாதிரியார். "கல்யாணத்தயும் கச்சேரியயும் நான் பேசி மாத்தறேன். அந்தப் பொண்ணு ஏழு வருஷமா யோசிச்சவ, இன்னும் ஒரு வாரம் யோசிக்கட்டும்."

"ஆறு பூரா பனி உருகின தண்ணி. முதல்ல யாராவது எறங்கி ஆழம் பாக்கணுமே" என்றாள் நூலகத்துக்காரி. "யாரு எறங்கறது?"

"நான்தான்" என்றான் டோர்வி. "உங்களுக்கெல்லாம் ரெண்டு கால் விறைக்கும். எனக்கு ஒண்ணுதானே?"

சிரிக்கலாமா கூடாதா என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்புத்தான் அது, பெரிதாக வந்துவிட்டது. அதன் பிறகு தொட்டியே உடைந்துவிடும் போலச் சிரித்தார்கள். டோர்வியும் சிரித்தான்.

ஸ்டுர்லா கையை நீட்டி விளிம்பில் இருந்த துண்டுக்கடியிலிருந்து சிறு நோட்டையும் பென்சிலையும் எடுத்தான். ஈரக் கையால் பக்கத்தைப் புரட்டி, "ஜூலை பத்து. பேரெல்லாம் சொல்லுங்க. டோர்வி, உன் பேரு போடட்டுமா?" என்றான்.

"முதல்ல போடு" என்றான் டோர்வி.

நான் தலையை வெந்நீருக்குள் முக்கிக்கொண்டேன். அழுகிறேன் என்று தெரிந்தால் அதையும் ஊர் பூராவும் சொல்லிவிடுவார்கள்.